நெய்யூர் சாமர்வெல் டாக்டர்

நமது பழைய மாணவர் சங்கத்தின் சந்திப்பு இந்த முறை பாப்பாரப்பட்டியில் என்று முடிவானதும், மலரில் ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தர வேண்டும் என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். பாப்பாரப்பட்டி என்று சொன்னாலே யாரை எதிர்பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? 1925 ஜூலை 23ஆம் தேதி இந்த ஊரில் கண்மூடிய தியாகி சுப்பிரமணிய சிவாவைத்தான். சிறை கொடுத்த தொழுநோயோடு, ரயிலில் ஏறவிடாமல் தடுத்தபோதும் நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசிய மனிதர். அவரைப் பற்றி நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். ஆகவே, அவர் மறைந்த அந்தக் காலத்திலேயே தமிழகத்தின் தென்கோடியில் வேலையைத் தொடங்கிய ஒரு வெள்ளைக்கார டாக்டரை எடுத்துக்கொண்டேன்.

காரணம் இருக்கிறது. கல்லூரி முடித்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ வாய்களைப் பார்த்தாகிவிட்டது. கடலைக்காட்டில் களையெடுக்கிற அம்மா முதல் பஸ் ஓட்டுகிற தம்பி வரை, கடைவாயில் ஏதோ ஒன்றை ஒதுக்கிக்கொண்டே பேசுகிறவர்கள் நம்ம பக்கம் அதிகம். அந்தக் கடைவாயில் என்ன நடக்கிறது என்பதோடு இந்தியாவில் முதலில் மல்லுக்கட்டிய டாக்டர்கள் யார் யார் என்று தேடிக்கொண்டு போனால், நெய்யூருக்குத்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் 1890 ஏப்ரல் 16ஆம் தேதி வட இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம். செருப்பு, பூட்ஸ் தயாரிக்கும் பெரிய கம்பெனி அவர்களுடையது. ரக்பி பள்ளியில் படிப்பு, பிறகு கேம்பிரிட்ஜில் முதல் வகுப்பு, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மருத்துவம். மலையேற்றம், சங்கீதம், ஓவியம் மூன்றிலும் பைத்தியம். மனிதர் எதையும் அரைகுறையாகச் செய்யவில்லை என்பதுதான் அவரைப் படிக்கும்போது முதலில் தோன்றுகிறது.

முதல் உலகப் போர் வந்தது. ராணுவ மருத்துவப் பிரிவில் கேப்டனாகப் பிரான்சுக்குப் போனார். 1916இல் சோம் நதிக்கரைப் போரில் காயம்பட்டவர்களை ஏக்கர் கணக்கில் தரையில் கிடத்தியிருந்தார்கள். யாரை மேஜைக்குத் தூக்குவது, யாரை விடுவது என்று நிமிஷத்தில் முடிவெடுக்க வேண்டிய வேலை. காப்பாற்ற வழி இருந்தும் நேரமில்லாமல் கைவிட வேண்டிய உயிர்கள். இளம் வயதில் அதைப் பார்த்தவர் வாழ்நாள் முழுக்கப் போரை வெறுத்தார். பின்னாளில் நெய்யூர் வராந்தாவில் நீண்ட வரிசையைப் பார்த்தபோது அவருக்கு அந்த மைதானம் நினைவுக்கு வந்திருக்கும் என்பது என் ஊகம்.

1922இல் எவரெஸ்ட் மலையேறும் குழுவுக்கு அவர் தேர்வானார். மாலரி, நார்ட்டன் இவர்களோடு பிராணவாயு சிலிண்டர் இல்லாமலே 8,200 மீட்டர் தாண்டி ஏறினார். அதுவரை மனிதன் கால் வைத்திராத உயரம். அதே பயணத்தில் ஜூன் 7ஆம் தேதி பனிச்சரிவில் சுமைதூக்கும் தொழிலாளர்கள் ஏழு பேர் புதைந்து போனார்கள். வெள்ளைக்காரர் ஒருவர்கூடச் சாகவில்லை என்பது அவர் மனத்தை அரித்தது. தங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கலாமே என்று வருந்தியவர் அவர்.

மலையிலிருந்து இறங்கியதும் நேரே ஊருக்குக் கப்பல் ஏறவில்லை. கையில் மீதியிருந்த சுமார் 60 பவுனை வைத்துக்கொண்டு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். வடக்கிலிருந்து கன்னியாகுமரி வரை வந்தவர், வழியில் நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். நெய்யூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1க்குப் பிறகுதான் அந்தப் பகுதி நம்மோடு சேர்ந்தது. 1838லேயே மருத்துவப் பணி தொடங்கிய பழைய இடம். அங்கே டாக்டர் பியூ என்ற ஒரே சர்ஜன். வாசலில் ஜனக்கூட்டம். பார்த்தவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூடவே ஆபரேஷன் செய்ய ஆரம்பித்துவிட்டார். லண்டனில் காத்திருந்த நல்ல எதிர்காலத்தை விட்டுவிட்டு 1923இல் நெய்யூர் மருத்துவராகவே திரும்பி வந்தார்.

ஆனால் மலை அவரை விடவில்லை. 1924இல் மறுபடியும் எவரெஸ்ட். ஜூன் 4ஆம் தேதி நார்ட்டனோடு ஏறினார். தொண்டை வறண்டு, புண்ணாகி, இருமலில் மூச்சுத் திணறி, ஏறக்குறைய 28,000 அடியில் உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் தனியாகத் தொடர்ந்து 8,570 மீட்டர் வரை போனார். சிலிண்டர் இல்லாமல் அதைவிட உயரம் போக 1978 வரை உலகம் காத்திருந்தது. இறங்கும் வழியில் சாமர்வெல்லுக்குத் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. முன்னால் போகும் நண்பரைக் கூப்பிடக்கூடக் குரல் இல்லை. சாகப் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தவர், கடைசி முயற்சியாக இரண்டு கையாலும் நெஞ்சை அமுக்கி இருமினார். அடைத்திருந்தது வெளியே வந்து விழுந்தது. குளிரில் வெந்து உரிந்த அவருடைய குரல்வளையின் உள்தோல்! வாய்க்கும் தொண்டைக்கும் உள்ளே பூசியிருக்கிற அந்த மெல்லிய ஈரத்தோல் கெட்டுப்போனால் மனுஷன் கதி என்ன என்பதை அவர் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

நாலு நாள் கழித்து ஜூன் 8ஆம் தேதி மாலரியும் இர்வினும் மேலே போய் மறைந்தார்கள். மாலரி கொண்டுபோன கேமரா சாமர்வெல் இரவல் கொடுத்தது. 1999இல் மாலரியின் உடலும் 2024இல் இர்வினின் கால் பகுதி ஒன்றும் கிடைத்தன. கேமராவைத்தான் இன்னும் காணோம். போகட்டும், நம் கதை மலையில் இல்லை.

நெய்யூருக்குத் திரும்பினார். 1925இல் மார்கரெட் ஹோப் சிம்ப்சனைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று மகன்கள். அன்றைய திருவிதாங்கூரில் ஏழைக்குச் சாப்பாடு மரவள்ளிக் கிழங்கு. நம்ம பக்கம் குச்சிக்கிழங்கு சேகோ ஆலைக்குப் போகிறது, அங்கே அதுதான் மூன்று வேளையும். சிறுகுடல் புண்ணோடு வந்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்த ஆபரேஷனில் சாமர்வெல்லுக்கு உலகப் பெயர் கிடைத்தது. அதை நான் விரிக்கவில்லை. வயிற்றுக்கு அடுத்தபடி நெய்யூர் வாசலை நிறைத்தது வாய்.

வாய்ப்புற்று அங்கே புதிதல்ல. சாமர்வெல் வருவதற்கு முன்பே, 1908இல் நெய்யூரில் பணியாற்றிய டாக்டர் பெண்டால், திருவிதாங்கூரில் தாம் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைத் தொகுத்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருந்தார். இங்கிலாந்தில் மார்பிலும் வயிற்றிலும் வருகிற நோய் இங்கே ஏன் கன்னத்துக்குள் வருகிறது? இந்தக் கேள்வி சீமை டாக்டர்களுக்குப் பெரிய புதிர். சுண்ணாம்பு சுடுகிறது என்றார் ஒருவர். பாக்கு உரசுகிறது என்றார் மற்றொருவர். பல் சுத்தமில்லை என்று வேறு சிலர்.

நெய்யூரில் சாமர்வெல்லோடு பணியாற்றிய டாக்டர் ஓர் இதை ஆற அமர ஆராய்ந்து 1933இல் லான்செட் இதழில் வெளியிட்டார். நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு, என்ன போடுகிறார்கள், எப்படிப் போடுகிறார்கள், எங்கே ஒதுக்குகிறார்கள் என்று விசாரித்தார். புகையிலையின் மேல் விரல் நீண்டது. வெற்றிலையை மென்று துப்பிவிடுகிறவரைவிட, புகையிலையோடு கடைவாயில் அடக்கிக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பவருக்கு ஆபத்து அதிகம். 1966இல் ஹிராயாமா என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர், வாயில் அடக்கியபடியே தூங்குகிறவர்களுக்கு ஆபத்து பல மடங்கு ஏறுவதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். நம் பாட்டிமார் பலர் ராத்திரி அதோடுதானே படுத்தார்கள்!

நோயாளி எந்த நிலையில் வந்தார் என்று யோசித்துப் பாருங்கள். கன்னத்தின் உள்ளே சின்னதாக ஒரு வெள்ளைத் திட்டு, துடைத்தால் போகாது, வலிக்காது. வலிக்காததை யார் டாக்டரிடம் காட்டுவார்கள்? அது புண்ணாகும். காரம் பட்டால் எரியும். நாட்டு மருந்து, மஞ்சள், மோர் என்று சில மாதம் போகும். பல் ஆடும். பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாது. கழுத்தில் நெறி கட்டும். கடைசியில் கன்னம் ஓட்டையாகிக் குடித்த கஞ்சி வெளியே வழியும்போது, நாற்றம் தாங்காமல் வீட்டாரே திண்ணையில் படுக்கவைத்த பிறகு, வண்டி கட்டிக்கொண்டு நெய்யூருக்கு வருவார்கள். அந்த நிலையில் வருகிறவருக்கு எந்த சர்ஜனும் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

அன்று கையில் இருந்தவை இரண்டு, கத்தியும் ரேடியமும். கத்தியால் கன்னத்தோடு தாடையெலும்பில் ஒரு பகுதியையும் கழுத்து நெறியையும் வெட்டியெடுக்க வேண்டும். மிச்சமான ஓட்டையை மூட நெற்றியிலோ கழுத்திலோ இருந்து தோலைத் திருப்பி ஒட்ட வேண்டும். ரேடியம் என்பது ஊசி வடிவில் இருக்கும். கட்டியைச் சுற்றிக் குத்திச் சில நாள் அப்படியே விட்டால், அதன் கதிர் வேகமாகப் பெருகும் அணுக்களைக் கொல்லும். கட்டி சுருங்கும், முகம் தப்பும். விலை அதிகமான சரக்கு. ஓர் ஊசி தொலைந்தால் ஆஸ்பத்திரி முழுக்கச் சல்லடை போட்டுத் தேட வேண்டும். குத்துகிற டாக்டரின் விரலையும் அது பதம் பார்க்கும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அந்தக் கிராமத்து ஆஸ்பத்திரியில் வாய்ப்புற்றுக்கு வைத்தியம் நடந்தது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே ரேடியம் அபூர்வமாக இருந்த காலம் அது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல்தான் வந்தது.

சாமர்வெல்லைக் கொண்டாடுகிறவர்கள் எவரெஸ்ட்டையும் கத்தியின் வேகத்தையும் சொல்வார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. அவர் தமிழ் கற்றுக்கொண்டார். கிளை மருத்துவமனைகளுக்கு ஓயாமல் பயணம் செய்தார், போன இடத்தில் கிடைத்த மேஜையில் ஆபரேஷன் செய்தார். நோயாளி நம்மிடம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. ஆனாலும் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நோய் வந்த பிறகு செய்யும் வைத்தியத்தில்தான் அவருடைய ஆயுள் கழிந்தது. வெள்ளைத் திட்டாக இருக்கும்போதே வீடு வீடாகப் போய்ப் பிடிக்கும் வேலை அவர் காலத்தில் நடக்கவில்லை. காலை முதல் இரவு வரை மேஜையில் ஆள் கிடக்கும்போது யார் வீட்டுக்குப் போவது? குற்றமாகச் சொல்லவில்லை. காரணம் தெரிந்த 1933லேயே அதைத் தடுக்கும் வழியும் ஊருக்குள் போயிருந்தால் என்ற ஆதங்கம், அவ்வளவே.

1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போய் அறுவை மருத்துவம் கற்பித்தார். 1961 வரை அங்கே. 1953இல் பிரிட்டிஷ் அரசு ஓ.பி.இ. பட்டம் கொடுத்தது. 1938இல் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கமும், அதற்கு முன்பே 1924இல் 1922 எவரெஸ்ட் குழுவினருக்காக ஒலிம்பிக் பதக்கமும் கிடைத்திருந்தன. டாக்டருக்கு ஒலிம்பிக் பதக்கம், கேட்கவே வேடிக்கையாக இல்லை?

அவர் வேலூரில் இருந்த காலத்தில்தான் வாயின் இன்னொரு நோய்க்கும் பெயர் வந்தது. 1952இல் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் என்ற டாக்டர் அதைக் கண்டார். மறு ஆண்டே பம்பாயில் டாக்டர் ஜோஷி விவரித்தார். கன்னத்தின் உள்தோல் வெளுத்து, நார் நாராக இறுகி, வாய் திறக்காமல் போகும் நோய். காரணம் பாக்கு. பாக்கில் உள்ள சத்து ஒன்று தோலுக்கு அடியில் நாரைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஆரோக்கியமான வாயில் உங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக நுழைக்கலாம். இரண்டுதான் போகிறது என்றால் யோசிக்க வேண்டும். ஒன்றுதான் போகிறது என்றால் யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. பாக்கை நிறுத்தினால் மேற்கொண்டு இறுகுவது குறையலாம், இறுகியது அவ்வளவாக இளகாது. இதில் சிலருக்குப் புற்றும் வரும்.

பொகையெல இல்லாம வெறும் பாக்குதானே, அதுல என்ன என்று கேட்பவர்கள் நம் செட்டிலேயே இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலைப்பாக்கைப் புற்று உண்டாக்கும் பொருளாக அறிவித்தது. 2004இல் வெளியிட்ட அறிக்கையில் புகையிலையே இல்லாத பாக்கையும் அதே பட்டியலில் சேர்த்துவிட்டது. பாட்டி காலத்தில் சுருக்குப்பையில் இருந்தது இப்போது பளபளக்கும் பொட்டலத்தில் தொங்குகிறது. தமிழ்நாட்டில் 2013 மே மாதம் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை வந்த பிறகும் அது எங்கே கிடைக்கும் என்று நம் ஊர்ப் பையன்களைக் கேட்டால் தெரியும்.

நம் வகுப்பு நண்பர் ஒருவர், பெயர் வேண்டாம், கபடி ஆடியவர், சந்திப்பு தவறாமல் வருவார். கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் பொடியை வைத்துக்கொள்வது வழக்கம். உதட்டின் உட்புறம் வைத்த இடத்திலேயே தோல் தடித்து வெளுத்தது. வலியில்லை, பாத்துக்கலாம் என்று ஒரு வருஷம் விட்டுவிட்டார். என்னிடம் அவர் வாயைத் திறந்து காட்டியபோது தாடைக்கு அடியில் நெறி வந்துவிட்டது. சென்னையில் ஆபரேஷன், கதிர் வைத்தியம் எல்லாம் நடந்தது. இரண்டு சந்திப்புகளுக்கு முன்னால் குழுப் படத்தில் ஓரத்தில் துண்டால் வாயை மூடிக்கொண்டு நின்றவர் அவர்தான். போன சந்திப்பில் அவர் இல்லை.

இந்த நோயின் பெரிய வேடிக்கை, வேதனையும்கூட, அது கண்ணுக்கு எதிரே வளர்கிறது என்பதுதான். நுரையீரலுக்குள் வந்தால் ஸ்கேன் வேண்டும். வாய்க்குள் வருவதற்கு ஒரு டார்ச் லைட் போதும். இதை நிரூபித்தவர்கள் பழைய திருவிதாங்கூர்க்காரர்களே. நெய்யூருக்குப் பக்கத்திலுள்ள திருவனந்தபுரத்தில் 1996இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 13 பஞ்சாயத்துகள், சுமார் 1,90,000 பேர். பாதிப் பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள், டாக்டர்கள் அல்ல, வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சந்தேகமானவர்களை மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள். 2005இல் முடிவு வெளிவந்தது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு, பார்க்காத பஞ்சாயத்துகளைவிடப் பார்த்த பஞ்சாயத்துகளில் 34 சதவீதம் குறைவு. சும்மா பார்த்ததற்கு இவ்வளவு! சாமர்வெல் இருந்து இதைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

பார்க்க வேண்டியது இவ்வளவுதான். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு. அதைவிட மோசமான, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண். காரணமில்லாமல் ஆடும் பல். காரம் தாங்காத எரிச்சல். காரை பிடித்த, கன்னத்தைக் குத்தும் கூர்ப்பல் இருந்தால் அதையும் ராவிவிட வேண்டும். வெள்ளைத் திட்டுகளில் பல, பழக்கத்தை விட்டால் தானே மறைவதை நானே கண்டிருக்கிறேன். மறையாவிட்டால் சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். ஆரம்பத்தில் பிடித்தால் சிறிய ஆபரேஷனோடு முடிகிற கதை. 2008 முதல் தருமபுரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வண்டி கட்டிக்கொண்டு நெய்யூருக்கா போக வேண்டும்?

சாமர்வெல் வேலூரிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1962 முதல் மூன்று ஆண்டுகள் ஆல்பைன் சங்கத்தின் தலைவராக இருந்தார். கடைசிவரை மலைகளை வரைந்துகொண்டிருந்தார். 1975 ஜனவரி 23ஆம் தேதி ஆம்பிள்சைடில் காலமானார். திருவனந்தபுரம் அருகே காரக்கோணத்தில் அவர் பெயரில் ஒரு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. நெய்யூரில் அந்த மருத்துவமனை இன்றும் இருக்கிறது.

நண்பர்களுக்கு ஒரு தகவல். சந்திப்பின் இரண்டாம் நாள் காலை குழுப் படம் எடுத்து முடிந்ததும், மண்டபத்தின் பின்பக்கம் மாமரத்தடியில் நாற்காலி போட்டிருக்கும். பல் டாக்டர்களான நம் நண்பர்களின் பிள்ளைகள் இருவர் வருகிறார்கள். டார்ச் லைட் நான் கொண்டுவருகிறேன். டிபனுக்கு முன்னால் வாயைக் கொப்பளித்துவிட்டு வாருங்கள், வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு.